கடலுக்குப் போகவிருந்த தலையணை

கப்பலில் இருந்தபடி கடலுக்கு வைத்தியம் பார்க்கும் என் அருமைப் பேத்திக்கு, கீழ்த்தளச் சலவை அறையின் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் அப்பா, என் முழங்கால் ஆகிய நால்வரும் சுமாரான நலம். அங்கே உன் நலத்தையும், உனக்குச் சமைத்துப் போடும் புண்ணியவானின் நலத்தையும், கடலின் நலத்தையும் அறிய ஆவல். கடலுக்கு உடம்பு சரியில்லை என்று நீ சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, யாருக்குக் கடிதம் எழுதினாலும் கடலின் நலத்தைத் தனியாக விசாரிப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பெரியம்மாவுக்கு எழுதியபோதும் விசாரித்தேன். அவள் வீட்டுக்கும் கடலுக்கும் ரயிலில் ஒரு பகல் தூரம். "எனக்குத் தெரிஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்று பதில் போட்டிருக்கிறாள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கப்பல் போனில் பாதி நேரம் இரைச்சல், மீதி நேரம் உன் அம்மா. "சாப்பிட்டியா, தலைய நல்லா தொடச்சுக்கிட்டியா" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கப்பல் வேறு கடலுக்குப் போய்விடுகிறது. மேலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மற்றவர்கள் கை கால் மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும் அந்த ஐந்தையும் முழுதாகப் படித்தவள் நான். அதனால் எதையும் விடாமல் எழுதுகிறேன், நீயும் எதையும் விடாமல் படி.

நீ லீவில் வந்தபோது, கட்டடத்துக்கே பொதுவான இந்தப் பெரிய மெஷினின் கழிவுநீர்க் குழாயில் ஒரு வடிகட்டி டப்பாவைப் பொருத்தினாய் அல்லவா. அன்று உன் அம்மாவின் போர்வையைத் துவைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சாம்பல் நிறப் பிசிறை வைத்து, அந்த உயரத்துச் சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாய். "பாட்டி, இது பஞ்சு மாதிரி இருக்கு, ஆனா முக்கால்வாசி பிளாஸ்டிக். நாம போடற துணில பாதிக்கு மேல பிளாஸ்டிக் நூல்தான். ஒவ்வொரு தடவ துவைக்கிறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா உதிரும். குழாய் வழியா ஓடி ஓடிக் கடைசில கடலுக்குப் போயிடும். கரையே தெரியாத இடத்துல நாங்க வலை போட்டாலும் நூல் வருது பாட்டி" என்றாய். நீ மேலே போன பிறகும் நான் அந்தப் பிசிறைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன் தாத்தாவின் பச்சை ஸ்வெட்டர் ஞாபகம் வந்துவிட்டது. வருஷா வருஷம் அதன் முழங்கை மெலிந்துகொண்டே போனது. கடைசியில் அந்தப் பக்கம் இருப்பவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். தேய்ந்துபோச்சு என்று எல்லாரும் சொன்னோமே தவிர, தேய்ந்தது எங்கே போச்சு என்று யாரும் கேட்கவில்லை. உன் தாத்தாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று உனக்குத் தெரியும். மழைநீர் தேங்கியிருந்தால் அடுத்த தெரு வழியாக வருவார். கடலைப் படத்தில் பார்த்தாலே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷனின் முழங்கை மட்டும் அவருக்கே தெரியாமல் குழாயில் இறங்கி, ஆற்றில் மிதந்து, கடலுக்குப் போய்ச் சேர்ந்து, இப்போது ஏதோ ஒரு சின்ன மீனின் வயிற்றில் பச்சையாக இருக்கிறது. அந்த மீனை நினைத்தால் பாவமாக இருந்தது. அவரை நினைத்தால் சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில், மெஷின் நின்றுபோனது கூடத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்டடச் செயலாளரை உனக்குத் தெரியும், எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் ஒட்டுவதால் நோட்டீஸ்காரர் என்று நாம் பேர் வைத்தவர். நீ கப்பல் ஏறிய மறுநாளே டப்பாவுக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டார். "இந்த டப்பா தற்காலிகமானது. தண்ணீர் தேங்கினால் அகற்றப்படும். இறுதி முடிவு குடியிருப்போர் கூட்டத்தில்." பக்கத்திலேயே இன்னொரு நோட்டீஸ்: "மேற்படி நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது." நம் கட்டடத்தில் டப்பா நிலைத்தால்தான் தெரு முழுக்க மற்றக் கட்டடங்களிலும் வைக்கச் சொல்லி நீ கேட்க முடியும், இங்கேயே கழற்றிவிட்டால் உன் பேச்சு எங்கேயும் எடுபடாது என்று சொல்லிவிட்டுத்தானே போனாய். "பாட்டி, பிசிறை எல்லாம் காயவெச்சு பாட்டில்ல போட்டு வை. கூட்டத்துல காட்டு. பாத்தாத்தான் நம்புவாங்க" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தாய். அதிலிருந்து இந்த பெஞ்சுதான் என் ஆபீஸ். மதியச் சாப்பாடு முடிந்ததும் இறங்கி வந்துவிடுவேன். வெயில் காலத்திலும் இங்கே ஈரக் காற்று. ஜன்னலில் நடப்பவர்களின் செருப்பு மட்டும் போகும். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணி எல்லாம் கரைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி புரண்டு புரண்டு விழும்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. வருகிறவர் போகிறவரை எல்லாம் திருத்தினேன். முதல் ஆள் மேல்மாடியில் இருக்கும் பல் வைத்தியர். தினமும் விடிந்ததும் ஓடுகிறார், ஓடி வந்ததும் அந்த ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மட்டும் மெஷினில் போட்டுச் சுடுதண்ணீர் பட்டனை அமுக்குகிறார். இவ்வளவு பெரிய மெஷினில் தனிச் சட்டை, அநாதை மாதிரி.

"ஏம்ப்பா, ஒத்தச் சட்டைக்கா இவ்ளோ தண்ணி?"

"வேர்வை பாட்டி. நாறுமே?"

"காத்துல தொங்கவிடு, பாதி நாத்தம் போயிடும். மீதிக்கு வாரக் கடைசில எல்லாத்தையும் சேத்து மெஷின் நெறய போடு. பச்சைத் தண்ணி போதும். உருள எடமிருந்தா துணி ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு உதிரும், நெருக்கமா இருந்தா அடக்கமா இருக்கும். குடும்பம் மாதிரி."

"எங்க வீட்ல நெருக்கமா இருந்தாத்தான் பாட்டி அடிச்சுக்கறாங்க."

"அப்ப உன் வீட்டயும் பச்சைத் தண்ணில போடு."

சிரித்துக்கொண்டே சுடுதண்ணீரில்தான் போட்டார். பல்லைப் பிடுங்குகிறவருக்கு வலி புரியுமே தவிர வார்த்தை புரிவதில்லை. அடுத்தது உன் அப்பா. ஒத்தாசை செய்கிறேன் என்று டப்பாவைக் கழற்றி, அதோ அந்தத் தொட்டிக் குழாயில் கழுவப் போனார். நான் போட்ட கூச்சலில் ஜன்னலில் போன செருப்பெல்லாம் நின்றுவிட்டது. "மாப்பிள்ளை! குழாய்ல கழுவினா அது எங்க போகும்? வாசல்ல புடிச்ச திருடன பின்வாசல்ல அனுப்பறீங்களே!" என்றேன். "தூசிதான அத்தை" என்றார். தூசியாம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு டயர் தேய்கிற தூசியும் மழையோடு கடலுக்குத்தான் போகிறது என்று நீ சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவரும் பிரேக்கின் மேல் ஏறி நிற்கும்போதெல்லாம் கடலுக்கு ஒரு சிட்டிகை டயர் என்று சொன்னதும் பாவம், முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து "மெதுவா, மெதுவா, மீன் இருக்கு" என்று சொல்லித்தான் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாராம். ஒரு பெண் நடுரோட்டில் மீனைத் தேடி இறங்கிவிட்டாள்.

இதற்குள் பாட்டில் எல்லாம் நிறைந்துவிட்டது. ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், உன் அம்மா வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து வந்த பாட்டில், ஒன்றும் மிச்சமில்லை. பிசிறோ காயக் காயப் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று ஆகிறது. சாம்பலும் நீலமுமாக, நடுவில் பல் வைத்தியரின் ஆரஞ்சு அங்கங்கே கீற்றாக, சாயங்கால வானத்தைப் பிய்த்து எடுத்த மாதிரி. கை சும்மா இருக்குமா? கழுத்துக்கு வைக்கிற அளவில் ஒரு சின்னத் தலையணையாகத் தைத்துவிட்டேன். கூட்டத்தில் பாட்டில் பாட்டிலாகக் காட்டுவதைவிடத் தலையணையாகத் தூக்கிக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்பது என் கணக்கு. உறை, நம் பழைய திரைச்சீலையின் இலைப் பூ போட்ட பருத்தித் துணி. வீட்டில் எல்லாத் தலையணைக்கும் அதே துணியில் உறை தைத்தேனே, அதன் மிச்சம். தையலைப் பற்றி நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் தையல் டீச்சர் என் துணியைக் கையால் பிரிக்கப் பார்த்து, முடியாமல், பக்கத்து வகுப்பில் கத்தரிக்கோல் கடன் வாங்கினார்.

அந்தத் தலையணையைப் பெஞ்சில் போட்டு மதியம் கொஞ்சம் கண் அசந்தேன் பார், அங்கேதான் ஆரம்பித்தது. கடலை நான் நேரில் பார்த்தது கொஞ்சம்தான். ஆனால் கனவில் வந்த கடலில் எனக்கு எல்லா வழியும் தெரிந்திருந்தது. இதே சலவை அறைதான், ஆனால் கூரை வரைக்கும் தண்ணீர், பச்சையாக, இளஞ்சூடாக. மெஷினின் வட்டக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தேன், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீளமாக ஒரு துணிக்கொடி, ஆரம்பமும் தெரியவில்லை முடிவும் தெரியவில்லை, அதில் கட்டடத்துத் துணி எல்லாம் நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சட்டைகளுக்குள் ஆள் இல்லை, ஆனாலும் எல்லாச் சட்டையும் என்னைப் பார்த்துக் கையசைத்தது. விரல் அளவு மீன்கள் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற மீன் வாயிலிருந்து ஒரு நூலை எடுத்து நீட்டி, "இது உங்க கட்டடத்துதுங்களா பாருங்கம்மா. சாப்பாடுன்னு நெனச்சு முழுங்கிட்டோம், புள்ளைங்களுக்கு வயிறு ரொம்பின மாதிரியே இருக்கு, ஆனா இளைச்சுக்கிட்டே போகுதுங்க" என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அது மரியாதையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு நூலாக வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். மடி நிறைந்துகொண்டே போனது, வரிசை குறையவே இல்லை.

மறுநாளும் அதே கடல். அதற்கு மறுநாளும். ஒருநாள் வரிசையின் கடைசியில் உன் தாத்தா நின்றார். கால் நனையாமல் இருக்கப் பேன்ட்டை மடித்துவிட்டிருந்தார், கடலின் அடியில்! "என்ன இங்க?" என்றேன். "முழங்கை வாங்க வந்தேன், குளிருது" என்றார். மடியில் தேடினேன், தேடினேன், பச்சை நூல் மட்டும் கிடைக்கவில்லை. "இருக்கட்டும், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். எழுந்ததும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மாத்திரையை மாற்ற வேண்டும் என்றாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவளிடம் கனவைச் சொல்லவே கூடாது. எனக்குப் புரிந்துவிட்டது கண்ணு. அந்தத் தலையணைக்குள் இருப்பது கடலுக்குப் போகப் புறப்பட்டுப் பாதியில் பிடிபட்ட சாமான். அது போக முடியாத வழியை எல்லாம் என் தலைக்குள் போய்ப் பார்க்கிறது. இது என் ஆராய்ச்சி. உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம். உன் அப்பாவும் இந்த நாட்களில் தூக்கத்தில் கையைக் காலை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறார், "நேரா பிடி, நேரா பிடி" என்று புலம்பல் வேறு. அவருக்குத் தொழில் கோளாறு. தலையணை மேடு தட்டுகிறது, கழுத்து வலிக்கிறது என்கிறார். கழுத்துக்கென்றே கடையில் வாங்கிய தலையணை, அதற்கே குறை சொன்னால் என்ன செய்வது?

இப்போது ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் சாயங்காலம், இதே அறையில். நோட்டீஸ்காரர் காலையிலேயே டப்பாவைக் கழற்ற ஸ்பேனரைக் கொண்டுவந்து அலமாரியின் மேல் தயாராக வைத்துவிட்டார். நீ நடுக்கடலில், உன் பேச்சு என் வாயில், சாட்சி ஒரு தலையணை. அதைப் பார்த்தேன், என் எண்ணெய்த் தலை பட்டு உறை மங்கிக் கிடந்தது. நாலு பேர் பார்க்கப்போகிற சாமானை அழுக்காகத் தூக்கிக் காட்டினால் உன் மரியாதை என்னாவது? பேத்தி கடலைச் சுத்தம் பண்ணுகிறாள், பாட்டி தலையணையைச் சுத்தம் பண்ணவில்லை என்று சொல்ல மாட்டார்களா? ஆகையால், கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால், தலையணையை மெஷினில் போட்டேன். பச்சைத் தண்ணீர்தான். நெருக்கமாக இருக்கட்டும் என்று என் ஊதா ஸ்வெட்டரையும் உன் அம்மாவின் போர்வையையும் கூடப் போட்டேன். நான் சொன்னதை நானே மீற மாட்டேன்.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். நோட்டீஸ்காரர் தொண்டையைச் செருமி, "இன்றைய கூட்டத்தின் பொருள், டப்பா" என்றார். மெஷினும் செருமியது. கண்ணாடிக்குள் பார்த்தால் பனி கொட்டுகிறது! தையல் விட்டுப்போய், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து, மேகம் மேகமாகச் சுற்றுகிறது. தையல் விட்டதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அடுத்த நிமிஷம் டப்பா அடைத்துக்கொண்டு, மூடி எகிறி, தண்ணீர் தரையில் குபுகுபுவென்று பாய்ந்தது. அத்தனை பிசிறும் தரையில் இருக்கும் சாக்கடைத் துவாரத்தைப் பார்த்து ஓடுகிறது. எத்தனை மதியங்கள் காத்த காவல்! நான் யோசிக்கவே இல்லை, போய்த் துவாரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டியம்மா, எழுந்திருங்க! தண்ணி போகணும்!"

"தண்ணி போகட்டும், நூல் போகக் கூடாது! வடிகட்ட ஏதாவது குடுங்க, எழுந்திருக்கறேன்."

"இதுக்குத்தான் நோட்டீஸ் ஒட்டினேன். எங்க அந்த ஸ்பேனர்?"

"செயலாளர் சார், ஸ்பேனர அப்புறம் தேடுங்க, உங்க செருப்பு மிதந்து போகுது பாருங்க!"

கணுக்கால் தண்ணீரில் எல்லாரும் நிற்க, பல் வைத்தியர் திடீரென்று தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினார். என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, துவாரத்தின் மேல் சட்டையை இறுக்கி விரித்துப் பிடித்தார். வெறும் உடம்போடு, பல் பிடுங்கும்போது பிடிக்கிற அதே பிடி. தண்ணீர் மட்டும் இறங்கியது. பிசிறு எல்லாம் சட்டையின் மேல் தங்கியது. அதைப் பார்த்ததும் மற்றவர்களும் குனிந்தார்கள். டீ வடிகட்டி வந்தது, கைக்குட்டை வந்தது. உன் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில். கடைசியில் நோட்டீஸ்காரரே ஒரு நோட்டீஸ் அட்டையைக் கிழித்து முறம் மாதிரி வைத்துக்கொண்டு வாரினார். அந்தச் சாயங்கால வெளிச்சத்தில், பளபளக்கிற தண்ணீரில், எல்லாரும் குனிந்து மெதுவாக நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்குக் கனவா நனவா என்று ஒரு நொடி சந்தேகம். உன் தாத்தா எந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கூடத் தேடினேன்.

நோட்டீஸ்காரர் டப்பாவைத் தாண்டிப் போகும் குழாயின் முனையைக் கழற்றி, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்தார். தெளிவாக இருந்தது. மூடி போன டப்பாவுக்குள் பார்த்தார், கல் மாதிரி நெருங்கி நின்றது பிசிறு. ஈரக் குவியலைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவும் நம்ம துணிலேர்ந்தா பாட்டியம்மா?"

"நம்ம துணிலேர்ந்துதான். டப்பா இல்லேன்னா இந்நேரம் மீன் வயித்துல."

"என் வெள்ளைச் சட்டை மாதிரி இருக்கே," என்றார் தணிந்த குரலில். உடனே இரண்டாம் மாடி அம்மாள் "எங்க மெத்தை விரிப்புதான் அது" என்று அழாத குறை. பல் வைத்தியர் "எல்லாம் என் சட்டைதான், தினம் தினம் போட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ள அப்படி ஒரு போட்டியை நான் பார்த்ததே இல்லை. பிசிறு எப்படி வெள்ளை வெளேரென்று இருந்தது தெரியுமா! அவ்வளவு நிறம் இருந்த சாமான், ஒரே துவைப்பில் பால் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சோப்பையே இனி வாங்கச் சொல்லியிருக்கிறேன். டப்பா நிலைக்கட்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள், கையில் ஈரப் பிசிறோடு. இப்போது மெஷினுக்கு மேலே புது நோட்டீஸ்: "டப்பா நிரந்தரமானது. நிறையத் துணி, பச்சைத் தண்ணீர். பிசிறைக் குப்பையில் மட்டும் போடவும். தொட்டியில் கழுவுவோர் பாட்டியம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும்." எதிர்க் கட்டடத்துக்கும் அவரே போய்ப் பேசப்போகிறாராம். நீ திரும்பி வரும்போது தெரு முழுக்க டப்பாவாக இருக்கும்.

தலையணை போனதில் வருத்தம்தான். இனிமேல் எனக்குக் கடல் வராது. உன் தாத்தாவுக்கு முழங்கையும் கிடைக்காது. ஆனால் வீட்டுக்கு நாலு பேர் குனிந்து வாரினார்களே, அந்த மீனிடம் சொல்ல எனக்கு ஒரு பதிலாவது இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். கப்பலின் ஓரத்தில் நிற்காதே. வலையில் பச்சை நூல் வந்தால் தூக்கிப் போடாமல் எனக்கென்று எடுத்து வை. நீயும் கடலும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் பாட்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அப்பா கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து, "அத்தை, இந்த மேட்ட கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று தன் தலையணையை நீட்டினார். உறையைக் கழற்றினேன். சாம்பலும் நீலமும், நடுவில் ஆரஞ்சுக் கீற்றும், என் தையலும்! உன் அம்மாவைக் கேட்டால், "எல்லாம் ஒரே உறைதானம்மா, என்னிக்கோ தோய்ச்சு மாட்டறப்ப மாறியிருக்கும்" என்கிறாள். நான் தைத்து முடித்த கையோடே, என் முதல் கனவுக்கு முன்பே மாறியிருக்க வேண்டும். ஆக, கூட்டத்தில் வெடித்தது உன் அப்பாவின் கடைத் தலையணை. எல்லாரும் தன் சட்டை, தன் விரிப்பு என்று கண்கலங்கியது கடைப் பஞ்சைப் பார்த்து. விட்டது என் தையல் இல்லை, அந்த மட்டும் நிம்மதி. அதுவும் பிளாஸ்டிக் பஞ்சுதானாம், டப்பா அதைப் பிடித்ததும் பொய்யில்லை. ஆனால் சொன்னால் பல் வைத்தியர் மறுபடி சுடுதண்ணீருக்குப் போய்விடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், சொல்லலாமா வேண்டாமா என்று நீதான் எழுத வேண்டும். என் ஆராய்ச்சியையும் உன்னுடையதில் சேர்க்க வேண்டாம். கடைப் பஞ்சில் தலை வைத்தவளுக்கு அத்தனை கடல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. நிஜத் தலையணையை மேடு தட்டாமல் தட்டிச் சரி பண்ணி உன் அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். பாவம், அவருக்கு இப்போது வேறு இல்லை. இதோ, மதியத் தூக்கத்தில் மறுபடி கையை வீசி நீந்திக்கொண்டிருக்கிறார். உன் அம்மா எழுப்பப் போனாள். கரைக்கு வந்த பிறகு எழுப்பு என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.